அத்திப்பள்ளியில் பிரியும் சாலை

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போகும் பஸ் மாநில எல்லையைத் தாண்டியதும் வருகிற ஊர் அத்திப்பள்ளி. கன்னடக்காரர்களுக்கு அது அத்திபெலே. லாரிகள், டீக்கடைகள், சாலையோரம் பட்டாசுக் கடைகள். 2023 அக்டோபர் 7ஆம் தேதி இங்கே ஒரு பட்டாசுக் கடை எரிந்தபோது இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு இளைஞர்கள். தீபாவளிக்கு முன்பு சில வாரங்கள் வேலை செய்து கையில் கொஞ்சம் காசு பார்க்க வந்தவர்கள். அவர்களில் மாணவர்களும் இருந்தார்கள். படிப்புக்குப் பணம் தேடி எல்லை தாண்டுவது தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் புதிதல்ல.

இந்த ஊரில்தான் சாலை பிரிகிறது. வலப்பக்கம் திரும்பினால் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் சர்ஜாபூர். அதை ஒட்டிய புருகுண்டே கிராமத்தில் அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் இருக்கிறது. திரும்பாமல் நேராகப் போனால் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு. அங்கிருந்து நகரத்தைக் குறுக்கே கடந்தால் மேற்கு ஓரத்தில் நாகரபாவி. அங்கே இந்திய தேசியச் சட்டப் பல்கலைக்கழகம். பெங்களூர்க்காரர்கள் வாயில் அது இன்னும் 'லா ஸ்கூல்'தான்.

இரண்டும் பொதுக் கொள்கை கற்பிக்கும் இடங்கள். அரசாங்கம் ஏன் ஒரு முடிவை எடுக்கிறது, யாருக்காக எடுக்கிறது, எடுத்த முடிவு ரேஷன் கடை வாசலுக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது என்று ஆராயும் படிப்பு. பொருளாதாரம், சட்டம், புள்ளியியல், அரசியல் ஆகியவற்றில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் செய்த கதம்பம். 'பப்ளிக் பாலிசி படிக்கப் போறேன்' என்று மகள் சொன்னால், ஊரில் முதலில் எழும் கேள்வி 'எல்.ஐ.சி.யா?' என்பதாக இருக்கும். அடுத்த கேள்வி, 'முடிச்சா கலெக்டர் ஆயிடலாமா?' இரண்டுக்கும் இல்லை என்று பதில் சொல்லிவிட்டுத்தான் பணத்தைப் பற்றிப் பேச்செடுக்க முடியும்.

தருமபுரியில் அரசுக் கல்லூரியில் பொருளாதாரம் முடித்த ஒரு பெண்ணுக்கு இரண்டு இடத்திலும் இடம் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். நுழைவுத் தேர்வும் நேர்முகமும் முடிந்து, கோடையில் கடிதங்கள் வந்துவிட்டன. வாழ்த்துச் சொல்லும் முதல் பத்தியை வீட்டில் எல்லோரும் படிப்பார்கள். கட்டணத்தையும் உதவித்தொகையையும் சொல்லும் பத்தியை அவள் மட்டும் நாலைந்து முறை படிக்க வேண்டியிருக்கும்.

முதலில் இடங்களைப் பார்க்கலாம்.

நாகரபாவிக்குப் போவது முன்பு பெரிய பாடு. 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி மெட்ரோவின் மஞ்சள் பாதை திறந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறது. ஓசூர் பஸ்ஸை விட்டுப் பொம்மசந்திராவில் இறங்கி மெட்ரோ ஏறினால் ஆர்.வி. ரோடு, அங்கே பச்சைப் பாதைக்கு மாறி மெஜஸ்டிக், அங்கே ஊதாப் பாதைக்கு மாறி ஞானபாரதி. மூன்று நிறம் மாறினால் நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. சில்க் போர்டு சந்திப்பில் அசையாமல் நிற்கும் கார்களை மேலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். பொதுக் கொள்கைக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது. 

சட்டப் பல்கலைக்கழகம் கர்நாடக அரசின் சட்டத்தால் உருவானது. 1988இல் முதல் வகுப்பு தொடங்கியது. அதை உருவாக்கியவர் என்.ஆர். மாதவ மேனன். ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பை இந்தியாவில் ஒரு மாதிரியாக நிலைநிறுத்தியது இந்த இடம்தான். பொதுக் கொள்கை முதுகலைப் படிப்பு இங்கே வந்தது 2014இல். இரண்டு ஆண்டு, வளாகத்திலேயே தங்கிப் படிக்க வேண்டும். இடம் கிடைக்கப் பல்கலைக்கழகமே நடத்தும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வக்கீலாகப் போகிறவர்களோடு ஒரே நூலகத்தில் உட்கார்ந்து படிப்பதில் ஒரு லாபம் உண்டு: ஒரு திட்டம் நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன், அதைச் செய்ய அரசுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று கேட்கப் பழகிவிடுவார்கள்.

பக்கத்திலேயே இன்னொரு பழைய நிறுவனம் இருக்கிறது: சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனம். 1972இல் இதை நிறுவியவர் வி.கே.ஆர்.வி. ராவ். அவர் பிறந்த ஊர் காஞ்சிபுரம் என்பது தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. கேம்பிரிட்ஜில் படித்து, டெல்லி பொருளாதாரப் பள்ளியை உருவாக்கி, மத்தியக் கல்வி அமைச்சராக இருந்துவிட்டு, கடைசியில் பெங்களூர் வந்து இதைத் தொடங்கினார். கொள்கைப் படிப்பு என்ற பெயர் இந்தியாவில் பிரபலமாவதற்கு வெகு காலம் முன்பே கர்நாடகத்தின் பஞ்சாயத்துகள், வறட்சி, நிலச் சீர்திருத்தம் போன்றவற்றை ஆராய்ந்துகொண்டிருந்த இடம் அது. 

பன்னார்கட்டா சாலையில் உள்ள ஐ.ஐ.எம்.மைப் பற்றி ஒரு வார்த்தை. 1973இல் தொடங்கியது. பி.வி. தோஷி வடிவமைத்த சாம்பல் நிறக் கல் கட்டடங்கள், கொடி படர்ந்த நீண்ட நடைபாதைகள். 2000இல் அங்கே பொதுக் கொள்கை மையம் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து, பணியில் இருக்கும் அரசு அதிகாரிகளுக்கென ஒரு படிப்பும் வந்தது. ஏற்கெனவே கொள்கை வகுப்பவர்கள் அதைப் படிக்க வந்த இடம் என்று சொல்லலாம். தருமபுரிப் பெண்ணுக்கு அது உதவாது.

சர்ஜாபூர் வேறு உலகம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் திராட்சையும் கேழ்வரகும் விளைந்த பூமியின் மேல் இன்று அடுக்குமாடிகள். அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டத்தின் கீழ் அமைந்து, 2011இல் எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் இன்னொரு கல்லூரியின் வளாகத்தில் குடியிருந்து வகுப்பு நடத்தத் தொடங்கியது. பிறகுதான் சொந்த இடத்துக்கு வந்தது. இங்கே முக்கியப் பட்டம் எம்.ஏ. டெவலப்மென்ட். வளர்ச்சி, ஆட்சிமுறை, கொள்கை எல்லாம் அதற்குள் அடக்கம். பொதுக் கொள்கைக்கென்றே தனி எம்.ஏ.வும் சில ஆண்டுகள் நடந்தது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பது சுவையான கதை. மகாராஷ்டிரத்தின் அமல்நேரில் 1945இல் வனஸ்பதி தயாரிக்கத் தொடங்கிய கம்பெனிதான் பின்னால் கம்ப்யூட்டர் கம்பெனியாகி விப்ரோ ஆனது. அதன் பங்குகளின் வருமானத்தை அஸிம் பிரேம்ஜி கல்விக்கு எழுதிவைத்தார். 2019 மார்ச்சில் அறிவித்ததையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 1.45 லட்சம் கோடி ரூபாய். எனவே இங்கே உதவித்தொகை என்பது மதிப்பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசாக இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள். மிகக் குறைந்த வருமானம் என்றால் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்தே உதவி கிடைக்கும். சட்டப் பல்கலைக்கழகத்திலும் தேவையைப் பார்த்து உதவும் ஏற்பாடு உண்டு. ஆனால் அது வேறு வகை நிறுவனம். பின்னால் அப்படியொரு பணப்பெட்டி கிடையாது.

இனிக் கணக்கு. இது எந்த நிறுவனத்தின் கணக்கும் அல்ல, புரிவதற்காகப் போடும் கணக்கு. ஒரு பல்கலைக்கழகத்தில் ஆண்டுக் கட்டணம் 3 லட்சம். இன்னொன்றில் ஒன்றரை லட்சம். விடுதி, சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து இரண்டிலும் இன்னொரு ஒன்றரை லட்சம். முதல் கடிதம் கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்கிறது, இரண்டாவது முழுவதையும். இரண்டு கடிதத்திலும் உதவித்தொகை என்ற வரிக்கு எதிரே இருப்பது ஒரே தொகைதான்: ஆண்டுக்கு 1,50,000 ரூபாய். உறவினர்களிடம் சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஆனால் இரண்டு ஆண்டு முடிவில் கையிலிருந்து போயிருப்பது முதல் இடத்தில் 6 லட்சம், இரண்டாவதில் 3 லட்சம். கடிதம் எவ்வளவு தருகிறது என்று பார்ப்பதைவிட எவ்வளவை மிச்சம் வைக்கிறது என்று பார்க்க வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் போகக் கைக்கு என்ன வருகிறது என்று பார்க்கத் தெரிந்த குடும்பங்கள்கூட, பல்கலைக்கழக முத்திரை பதித்த கடிதத்தின் முன் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுகின்றன.

மிச்சத்துக்கு வங்கிதான் வழி. 2015இல் மத்திய அரசு கொண்டுவந்த உத்தரவாத நிதியின் பயனாக, ஏழரை லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு தேவையில்லை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த வித்யாலட்சுமித் திட்டத்தில், தேர்ந்தெடுத்த நிறுவனங்களில் சேருபவர்களுக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால், பத்து லட்சம் வரையிலான கடனுக்கு வட்டியில் மூன்று சதவீதத்தை அரசு ஏற்கிறது. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆறு லட்சம் கடன், பத்து சதவீத வட்டி, ஏழு ஆண்டில் அடைப்பது என்று வைத்துப் பார்த்தால் மாதத் தவணை பத்தாயிரம் ரூபாயைத் தொடும். ஒரு தொண்டு நிறுவனத்தில் கள ஆய்வாளராகச் சேரும் ஒருவருடைய முதல் சம்பளத்தில் அந்தப் பத்தாயிரம் எவ்வளவு பெரிய துண்டு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கூடவே சில்லறைக் கேள்விகள். தள்ளுபடி இரண்டாம் ஆண்டும் தொடருமா, மதிப்பெண் குறைந்தால் நின்றுவிடுமா? களப்பணிக்கு வெளியூர் போகும்போது செலவு யாருடையது? விடுமுறையிலும் விடுதிக் கட்டணம் உண்டா? தாசில்தார் அலுவலக வருமானச் சான்று போதுமா, அதற்கு மேல் வங்கிக் கணக்கும் நிலப் பட்டாவும் கேட்பார்களா? மளிகைக் கடை வைத்திருக்கும் அப்பாவின் ஆண்டு வருமானம் என்ன என்று அவருக்கே சரியாகத் தெரியாதபோது இ-சேவை மையத்தில் என்ன எழுதுவது? பட்டியல் சாதி மாணவர் என்றால் இன்னொரு வழி இருக்கிறது: குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை கிடைக்கும். படிப்பது கர்நாடகத்தில் என்றாலும் விண்ணப்பம் சொந்த மாநிலமான தமிழ்நாட்டின் மூலமாகத்தான் போக வேண்டும். கல்லூரிச் சான்று ஒரு மாநிலத்தில், சாதிச் சான்று இன்னொரு மாநிலத்தில். பொதுக் கொள்கையில் 'நடைமுறைச் சிக்கல்' என்று ஒரு அத்தியாயம் வரும். அதை இவர்கள் சேர்வதற்கு முன்பே முடித்துவிடுகிறார்கள்.

யாருக்கு உதவித்தொகை தருவது என்ற வழக்கு பெங்களூரில் நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. மைசூர் சமஸ்தானத்தின் அரசு வேலைகளும் உயர்படிப்பும் ஒரே சமூகத்தின் கையில் இருக்கின்றன என்று பிராமணரல்லாதார் குரல் எழுப்பியபோது, நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1918இல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழு அமைத்தார். 1919இல் வந்த அறிக்கை, ஏழு ஆண்டுகளுக்குள் உயர் பதவிகளில் பாதியும் கீழ்நிலைப் பதவிகளில் மூன்றில் இரண்டும் பின்தங்கிய சமூகங்களுக்குப் போக வேண்டும் என்றது. படிக்க அவர்களுக்குப் பண உதவி வேண்டும் என்றும் சொன்னது. அணைகளும் ஆலைகளும் கண்ட திவான் விஸ்வேஸ்வரய்யா தகுதி மட்டுமே அளவுகோல் என்று நினைத்தவர். இந்த விவகாரத்தில் மகாராஜாவோடு ஒத்துப்போக முடியாமல் பதவியைவிட்டு விலகினார். 'மெரிட்' ஸ்காலர்ஷிப்பா, தேவைக்கு ஸ்காலர்ஷிப்பா என்று இன்றைய பல்கலைக்கழகக் குழுக்கள் வாதாடுவதெல்லாம் அந்தச் சண்டையின் தொடர்ச்சிதான்.

சிலருக்கு மூன்றாவது கடிதமும் வருகிறது. ஹார்வர்டின் கென்னடி பள்ளி, ஆக்ஸ்போர்டின் பிளாவட்னிக் பள்ளி, சிங்கப்பூரின் லீ குவான் யூ பள்ளி என்று கொள்கைப் படிப்புக்கு உலகப் புகழ் பெற்ற இடங்கள் இருக்கின்றன. கென்னடி பள்ளியில் ஓராண்டுக்குக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து 90,000 டாலரைத் தாண்டும். பாதிக் கட்டணம் தள்ளுபடி என்று கடிதம் வந்தால் வீடே கொண்டாடும். கொண்டாட்டம் முடிந்து பார்த்தால் மீதி அறுபதாயிரம் டாலர் அளவில் நிற்கும். ரூபாயில் அரைக் கோடிக்கு மேல், அதுவும் ஓராண்டுக்கு. அங்கே உதவித்தொகையோடு இடம் தரும் பல பல்கலைக்கழகங்கள், ஏப்ரல் 15ஆம் தேதிக்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்துவதில்லை என்று தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அந்த அவகாசத்தில் இன்னும் கொஞ்சம் உதவி கேட்டு எழுதலாம்; கேட்பது அங்கே அவமானமாகக் கருதப்படுவதில்லை. நம்மவர்களுக்குத்தான் 'கொடுத்ததற்கே நன்றி' என்று எழுதிப் பழக்கம்.

முழுச் செலவையும் ஏற்கும் உதவிகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் இருக்கும். ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவிக்குக் குறைந்தது மூன்று ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவிக்கு இரண்டு ஆண்டு அனுபவம். அதிலும் இரண்டு ஆண்டு திரும்பி வந்து இருக்கும் நிபந்தனை உண்டு. 1892இல் தொடங்கிய ஜே.என். டாட்டா நிதி தருவதன் பெயரே 'லோன் ஸ்காலர்ஷிப்'. கடனும் கொடையும் கைகோத்து வரும் பெயர். கே.ஆர். நாராயணன் 1945இல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனது டாட்டா உதவியில்தான்.

நிபந்தனையின் கனம் தெரிய வேண்டுமென்றால் அம்பேத்கரின் கதையைப் பார்க்க வேண்டும். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகை மாதம் பதினொன்றரைப் பவுன். மூன்று ஆண்டு. அதில் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். பதிலுக்குப் பத்து ஆண்டு பரோடா சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். லண்டனில் ஆய்வு பாதியில் நிற்கும்போது 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. ஒப்பந்தப்படி பரோடா திரும்பினார். பெரிய பட்டம் பெற்ற அதிகாரிக்கு அந்த ஊரில் குடியிருக்க ஒரு அறை கிடைக்கவில்லை; தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்தும் விரட்டினார்கள். சேமிப்பையும் நண்பரிடம் வாங்கிய கடனையும் கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியையும் கொண்டு 1920இல் மறுபடியும் லண்டன் போய் முடித்த ஆய்வு, இந்திய ரூபாயின் பிரச்சினை பற்றியது. பொதுக் கொள்கை என்ற பெயரில்லாத பொதுக் கொள்கை.

இப்போது பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. ஆண்டுக்கு 125 இடங்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2022இல் விதிகளைத் திருத்தியபோது, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு போன்ற தலைப்புகளுக்கு இந்த உதவி கிடையாது என்று எழுதிவிட்டார்கள். அம்பேத்கர் கொலம்பியாவில் சாதியைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு இந்த விதியின் கீழ் பணம் கிடைத்திருக்குமா என்று கேட்டவர்கள் உண்டு. 2025 ஜூலையில் இன்னொரு செய்தி: தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் தற்காலிக ஒப்புதல் கடிதம் போனது. மற்ற 66 பேருக்கும் நிதி இருந்தால் வரும் என்றார்கள். செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் ஒருவருக்கு ஜூலையில் இப்படி ஒரு வரி.

பணம் சரியானாலும் விசா இருக்கிறது. அமெரிக்கத் துணைத் தூதரகம் வேண்டும் என்று பெங்களூர் வெகு காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. 2025 ஜனவரி 17ஆம் தேதி திறந்தார்கள், விசா சேவை இல்லாமல். எனவே உலகத்துக்கே கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுக்கும் ஊரின் மாணவர்கள் அந்த ஆண்டும் ரயிலேறிச் சென்னை போய் ஜெமினி மேம்பாலத்தின் அருகே வரிசையில் நின்றார்கள். அந்த மே மாதக் கடைசியில் புதிய மாணவர் விசா நேர்காணல்களை அமெரிக்கா நிறுத்திவைத்து, ஜூன் 18க்குப் பிறகுதான் மறுபடியும் தொடங்கியது. சமூக ஊடகக் கணக்குகளையும் பார்ப்போம் என்ற நிபந்தனையோடு. வெளிநாட்டுக் கடிதத்தை நம்பி உள்ளூர் இடத்தைக் கைவிட்டவர்கள் அந்த மூன்று வாரம் தூங்கியிருக்க மாட்டார்கள்.

உள்ளூர் இடம் ஒன்றும் இளப்பமில்லை. கொள்கை படிக்கப் பெங்களூரைவிடத் தோதான ஊர் இந்தியாவில் குறைவு. சட்டசபை இருக்கும் விதான சௌதாவின் நெற்றியில், அரசாங்க வேலை ஆண்டவன் வேலை என்ற பொருளில் எழுதியிருக்கிறது. அந்த வேலையின் விளைவைக் காண அதிக தூரம் போக வேண்டாம். மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 2025 செப்டம்பரில் அதை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கும்வரை ஐந்து ஆண்டு முழுக்க இந்த ஊரைத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லாமல் அதிகாரிகளே நடத்தினார்கள். 2024 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது அரசின் ஆழ்துளைக் கிணறுகள் சுமார் 14,000இல் ஏறக்குறைய 6,900 வற்றிவிட்டதாக அரசே சொன்னது. சர்ஜாபூர் சாலையில் அடுக்குமாடிகளுக்கு முன்னால் வரிசை கட்டிய டாங்கர் லாரிகளே ஒரு பருவப் பாடத்துக்குப் போதும்.

தமிழ் தெரிந்த மாணவருக்குக் கூடுதல் வசதி ஒன்று உண்டு. அல்சூர், சிவாஜி நகர், பின்னி மில் பக்கம், ஈஜிபுரா என்று நகரத்தின் ஏழைக் குடியிருப்புகள் பலவற்றில் தமிழ்தான் வீட்டு மொழி. ஈஜிபுராவில் நலிந்த பிரிவினருக்காக மாநகராட்சி கட்டிய வீடுகள் இடிந்து விழுந்து, அந்த நிலம் அரசு-தனியார் கூட்டுத் திட்டத்துக்குப் போய், 2013 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்களில் பெரும் பகுதி தமிழ் பேசும் தலித் குடும்பங்கள். வகுப்பில் கூட்டுத் திட்டங்களின் நன்மை தீமை என்று பாடம் நடக்கும்போது, அந்தத் தெருவில் நின்று மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசக்கூடிய மாணவி தருமபுரியிலிருந்து வந்தவளாக இருப்பாள். அல்சூர் ஏரிக்கரையில் 1991 முதல் 18 ஆண்டு மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில் திறந்த திருவள்ளுவர் சிலையும் பக்கத்தில்தான். இரண்டு மாநிலங்களுக்கு இடையில் ஒரு முடிவு எப்படித் தாமதமாகிறது என்பதற்கு அதுவும் பாடம்தான்.

படித்து முடித்தவர்கள் எங்கே போகிறார்கள் என்பதில்தான் உதவித்தொகைக் கணக்கின் கடைசி வரி இருக்கிறது. ஒரு பக்கம் பெரிய ஆலோசனைக் கம்பெனிகள். அரசுத் துறைகளுக்குத் திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுப்பது அவற்றின் வேலை. குளிரூட்டிய அலுவலகம், நல்ல சம்பளம். இன்னொரு பக்கம் ஆய்வு நிறுவனங்கள், சட்டமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்கள், தொண்டு அமைப்புகள், மாவட்ட அளவிலான வேலைகள். கொள்கை படிக்க விண்ணப்பித்தபோது எழுதிய கட்டுரையில் எல்லோரும் இரண்டாவது பக்கத்தைத்தான் குறிப்பிட்டிருப்பார்கள். ஆறு லட்சம் கடனோடு வெளியே வருபவர் முதல் பக்கத்துக்குப் போனால் அவரைக் குறை சொல்ல முடியாது. பத்தாயிரம் ரூபாய்த் தவணை ஒவ்வொரு மாதமும் வங்கிக்குப் போயாக வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் முதல் வேலையைத் தேடித் தரலாம். எந்த வேலையை மறுக்க முடியும் என்பதை மிச்சக் கடன்தான் சொல்கிறது.

இந்தக் காரணத்துக்காகப் பெயரைக் கைவிட வேண்டும் என்பதில்லை. லா ஸ்கூல் பட்டம் டெல்லியிலும் கதவைத் திறக்கும். அங்கே கிடைக்கும் சட்டப் பயிற்சி சர்ஜாபூரில் கிடைக்காது. அப்பாவுக்கு நிலையான சம்பளம், தங்கை இன்னும் பள்ளியில், வீட்டில் வேறு கடன் இல்லை என்றால் ஆறு லட்சம் தாங்கக்கூடியதே. மழையை நம்பிய இரண்டு ஏக்கரும் அண்ணன் பெயரில் ஏற்கெனவே ஒரு பொறியியல் கல்விக் கடனும் இருந்தால் கதை வேறு. தருமபுரியில் இரண்டாவது வகை வீடுகள் அதிகம். 

ஒரு இடத்தில் பணம் கட்டிவிட்டு இன்னொன்றுக்கு மாற நேர்ந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது, மாணவர் விலகும் தேதியைப் பொறுத்துக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. அறிவிப்பின் நகல் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. சில அலுவலகங்களில் அது இருப்பதையே மாணவர்தான் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

சர்ஜாபூரில் படித்தவர்களில் பலர் அந்தப் பல்கலைக்கழகத்தை நடத்தும் அறக்கட்டளையிலேயே வேலைக்குப் போகிறார்கள். வேலை பெங்களூரில் இருக்காது. வட கர்நாடகத்தின் யாத்கீர் போன்ற மாவட்டங்களில், அரசுப் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து செய்யும் வேலை. கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர். தருமபுரிப் பெண்ணுக்கு அங்கே தமிழ் உதவாது. முதல் ஆறு மாதம் கன்னடம் எழுதப் படிக்கப் பழக வேண்டும். பெங்களூரிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம்.